"சேர்க்கேல்லை" வேற, "இல்லை" வேற

போன கிழமை முழுக்க அந்தச் சத்துமாப் பைக்கற்றைப் பற்றி எல்லாரும் எழுதி முடிச்சிட்டீங்கள். அதனால கதையை முழுக்கத் திருப்பிச் சொல்லேல்லை: கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒண்டு, "கச்சான் இல்லை" எண்டு எழுதி எங்கட பெண்கள் மில்லில அரைச்சுக் கட்டின சத்துமாவைக் குடிச்சு மூச்சு முட்டினது. பிள்ளை சுகமா வீட்டை வந்திட்டுது, அது போதும். ஆனா அந்தப் பதிவுக்குக் கீழ வந்த கொமென்ற்றுகளால வந்த எரிச்சல் இன்னும் அடங்கேல்லை. பாதிப்பேர் தாயைத் திட்டினீங்கள். மிச்சப்பேர் மா அரைச்ச பெண்களைத் திட்டினீங்கள். மில்லைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

பைக்கற்றில "கச்சான் இல்லை" எண்டு பச்சை எழுத்தில போட்டிருந்தது. செய்த ஆக்கள் சத்தியம் பண்ணுகினம், தாங்கள் கச்சான் போடேல்லை எண்டு. நான் நம்புறன். அரிசி, உழுந்து, பயறு, குரக்கன், சோளம், இவ்வளவும்தான் கலவையில போனது. ஆனா "சேர்க்கேல்லை" வேற, "இல்லை" வேற. சேர்க்கேல்லை எண்டு சொல்ல உங்கட கையைப் பார்த்தாக் காணும். இல்லை எண்டு எழுத வறுத்த தாச்சி, புடைச்ச சுளகு, அரைச்ச மில், நிறுத்த தட்டு, சீல் வைச்ச மேசை எல்லாத்தையும் பார்க்கவேணும்.

"ஒரு துளி மாவால என்ன வரப்போகுது" எண்டு கேட்ட அண்ணைக்குக் கணக்காவே பதில் சொல்லுறன். ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டின நிபுணர் குழு கச்சானுக்குப் பரிந்துரைச்ச ஆபத்து எல்லை 2 மில்லிகிராம் கச்சான் புரதம். அவ்வளவு உள்ளுக்குப் போனா, கச்சான் ஒவ்வாமை உள்ள 100 பேரில 5 பேருக்கு வெளியில தெரியிற மாதிரி ஏதாவது வரும். கச்சானில கால்வாசி புரதம். அப்ப 8 மில்லிகிராம் கச்சான். ஒரு பருப்பு அண்ணளவா அரைக் கிராம். அதை அறுபது துண்டாக்கினா ஒரு துண்டு, அவ்வளவுதான்.

இனி மில்லுக்கு வாங்கோ. காலமை கச்சான் போட்ட சத்துமா அரைச்சிருக்கு, பத்தில ஒரு பங்கு கச்சான் எண்டு வையுங்கோ. அரைச்ச கையோட மில்லின்ர வாயில கட்டியிருக்கிற துணிப்பையை உதறினா ஒரு கைபிடி மா, ஒரு 40 கிராம் எண்டாலும் விழும். அதுக்குள்ள 4 கிராம் கச்சான். பின்னேரம் அதே பைக்குள்ள 10 கிலோ "கச்சான் இல்லாத" மா இறங்குது. அந்த 4 கிராம் ஒரே சீராப் பரவினாக்கூட, 50 கிராம் மாவைக் கரைச்சுக் குடிக்கிற பிள்ளைக்கு 20 மில்லிகிராம் கச்சான் போகும். புரதமாப் பார்த்தா 5 மில்லிகிராம், மேல சொன்னதின்ர ரெண்டரை மடங்கு. ஒரே சீரா எங்க பரவுது? முதல் விழுற கிலோவிலதான் கூடுதலா இறங்கும். முதல் கட்டின நாலு பைக்கற் ஆற்ற வீட்டை போகுதோ, அந்தப் பிள்ளையின்ர தலைவிதி.

"மில்லைக் கழுவிப்போட்டுத்தான் அரைச்சனாங்கள்" எண்டும் ஒரு பதில் வந்தது. எங்கட ஊரில மில் கழுவுறது எண்டா என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். மிளகாய் அரைச்ச பிறகு ரெண்டு சுண்டு அரிசியைப் போட்டு ஓட்டி எடுக்கிறது. உறைப்புப் போயிட்டுதா எண்டு நாக்கில வைச்சுப் பார்க்கலாம். கச்சான் புரதத்துக்கு நாக்குச் சாட்சி சொல்லாது. அதோட, கச்சானில பாதிக்குக் கிட்ட எண்ணெய். அரிசிமா மாதிரி உதிராது, களியா ஒட்டும். சல்லடைத் தகட்டின்ர ஓட்டையளை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, ஓரத்தில மண்ணிறமா அடைச்சுக்கொண்டு நிக்கும். அரிசி அதுக்கு மேலால சறுக்கிக்கொண்டு போகும்.

அரிசி ஓட்டுறது கடைசி வேலை. முதல்ல மெயின் சுவிச்சை அணையுங்கோ. மூடியைக் கழற்றி, சல்லடைத் தகட்டை வெளியில எடுத்து, சுடுதண்ணி சவுக்காரம் போட்டுத் தும்புப் பிரஷால தேய்ச்சு, வெயிலில ஈரம் இல்லாமல் காயவிடுங்கோ. ஈரத்தோட பூட்டினா மா பிடிச்சுப் பூஞ்சணம் வரும், அது வேற தலையிடி. உள்ளுக்குச் சுத்தியலுகள் பூட்டின தண்டு, ஆணித்தலை, மூடி விளிம்பில இருக்கிற ரப்பர், இந்த மூண்டிலயும்தான் பழசு ஒளிஞ்சிருக்கும். காய்ஞ்ச பிரஷால சுரண்டி, வக்கூமால இழுங்கோ. கொம்பிரசர் காத்து அடிச்சா மெசின் பளபளக்கும், கச்சான் தூசு சுவரிலயும் கூரையிலயும் பக்கத்தில திறந்து வைச்ச உழுந்துச் சாக்கிலயும் போய்க் குந்தும். பிறகு 2 சுண்டு அரிசி ஓட்டி, வாற மாவைக் கச்சான் போடுற தொகுதிக்கு எடுத்து வையுங்கோ, எறியத் தேவையில்லை. துணிப்பையை மட்டும் துவைச்சுத் திருத்தலாம் எண்டு நினைக்கவேண்டாம். இழைக்குள்ள போனது போனதுதான். ரெண்டாவது பை ஒண்டு தையுங்கோ, சிவப்பு நூலால. ஒரு யார் சீலை என்ன விலை?

இவ்வளவும் செய்தாலும், சுத்தம் எண்டு கண் சொல்லக்கூடாது. மெசினைத் துடைச்ச பஞ்சில கச்சான் இருக்கோ எண்டு பார்க்கிற சோதனைப் பட்டிகள் இருக்கு, கொஞ்ச நேரத்தில கோடு காட்டும். விலைதான், தெரியும். ஆனா "கச்சான் இல்லை" எண்டு பைக்கற் அடிக்கிற ஆள் ஆகக் குறைஞ்சது முதல் சில தடவையாவது சோதிக்கத்தான் வேணும். அதிலயும் ஒரு சூது இருக்கு: கச்சான் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தா சில பட்டிகளில கோடே விழாது, இல்லை எண்டு காட்டும். அதனால மாதிரியை ஐதாக்கி இன்னொருக்காப் பார்க்கவேணும். பக்ரீரியாச் சுத்தம் பார்க்கிற கருவியைக் காட்டி "எங்களிட்ட இருக்குத்தானே" எண்டு சொல்லாதேங்கோ. அது கச்சானை அடையாளம் காணாது.

காசில்லாத ஆக்களுக்கு மலிவான வழி ஒழுங்குதான். முதல் நாள் பின்னேரம் முழுக்கக் கழற்றித் துப்பரவாக்கி, விடிய முதல் வேலையாக் கச்சான், எள்ளு, சோயா இல்லாததை அரையுங்கோ. கட்டி, சீல் வைச்சு, லேபிள் ஒட்டி, அறையை விட்டு வெளியில எடுத்த பிறகு கச்சான் சாக்கை அவிழுங்கோ. முறையை மாத்தினா எல்லாம் நாசம். இதெல்லாம் என்ர கண்டுபிடிப்பு இல்லை, உணவு செய்யிற ஆக்கள் ஒவ்வாமையைக் கையாளவேண்டிய நடைமுறையைக் கோடெக்ஸ் எண்ட உலக உணவுத்தர அமைப்பு 2020இலயே எழுதி வெளியிட்டிட்டுது.

மில்லோட முடியேல்லை. வறுத்த கச்சானைக் கையால தேய்ச்சுச் சுளகில புடைக்கேக்க தோல் எவ்வளவு தூரம் பறக்குது எண்டு முல்லைத்தீவு, விசுவமடுப் பக்கத்துப் பிள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. அந்தத் தோலோட பருப்புத் துகளும் போகும். பக்கத்துப் பாயில உழுந்து காயுது! வறுத்தா நஞ்சு போயிடும் எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். வறுத்த கச்சான் புரதம் பச்சையை விடக் கூடுதலா வேலை காட்டும். மிக்சருக்குக் கச்சான் பொரிச்ச எண்ணெயில முறுக்குச் சுட்டா முறுக்கிலயும் கச்சான்தான். செக்கில ஆட்டின கச்சான் எண்ணெயிலயும் புரதம் இருக்கும். ஆலையில முழுக்கச் சுத்திகரிச்ச எண்ணெயிலதான் அது ஏறக்குறைய இல்லாமல் போகும். கைக்கு சானிரைசர் பூசினாலும் கச்சான் போகாது. சவுக்காரமும் தண்ணியும்தான்.

இதுக்குள்ள பேர்க் குழப்பம் வேற. எங்களுக்குக் கடலை (கொண்டைக்கடலை) வேற, கச்சான் வேற. இந்தியாவில இருந்து வாற பைக்கற்றில "கடலை" எண்டு நிண்டா அது பெரும்பாலும் கச்சான். கடலை மா எண்டா எங்கட கடலை. மொத்தக்கடையில மூட்டை வாங்கிப் பிரிச்சுக் கட்டுற ஆக்கள் தயவுசெய்து "கச்சான் (நிலக்கடலை)" எண்டு ரெண்டையும் எழுதுங்கோ. கூட்டுப் பெருங்காயத்தில பெரும்பாலும் கோதுமை மா இருக்கும். சம்பல் போத்திலுக்குள்ள பல தரம் மாசி இருக்கும், அது மீன். கூனி போட்டா அது றால் வகை. அமெரிக்காவில 2014, 2015இல அரைச்ச சீரகத்துக்குள்ள கச்சான் இருந்து எத்தினையோ பொருள்களைத் திருப்பி எடுத்தவை. வெறும் சீரகத்தூள்! அப்ப உங்களுக்குத் தூள் தாறவரிட்டயும் "அதே மில்லில வேற என்ன அரைக்கிறியள்" எண்டு கேட்கத்தான் வேணும். கேட்டா முறைப்பார். முறைக்கட்டும்.

இனி உங்கட கேள்வியளுக்கு வாறன்.

"நாங்கள் எல்லாம் கச்சான் திண்டுதானே வளர்ந்தனாங்கள், இது வெள்ளைக்காரன்ர வருத்தம்." வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வந்த ஆள் வன்னியில இல்லை, ஒப்புக்கொள்ளுறன். ஆனா கிரந்தி எண்ட சொல்லை எந்த வெள்ளைக்காரன் தந்தவன்? றால் இவனுக்குக் கிரந்தி, கணவாய் இவளுக்குக் கிரந்தி எண்டு ஆச்சிமார் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாச் சட்டியை விலத்தி வைச்சவை. அவைக்குப் புரதம் தெரியாது, விலத்தத் தெரியும். எங்களுக்குப் புரதம் தெரியுது, விலத்தத் தெரியேல்லை.

"எனக்கும் பால் ஒத்துவராது, நான் செத்தா போனன்?" ஒத்துவராமை வேற, ஒவ்வாமை வேற. உங்களுக்குப் பாலில இருக்கிற சீனி, லக்ரோஸ், செமிக்கேல்லை. அதை உடைக்கிற நொதியம் குறைவு. வயிறு ஊதும், வயித்தால போகும், கொஞ்சம் குடிச்சாத் தாங்கும், தயிர் பெரும்பாலும் பிரச்சினை தராது. பால் ஒவ்வாமை எண்டா உடம்பின்ர காவல்படை பால் புரதத்தை எதிரியா எடுக்கிறது. லக்ரோஸ் நீக்கின பால் உங்களுக்கு மருந்து, அந்தப் பிள்ளைக்கு அதே ஆபத்து. கோதுமையில இருக்கிற குளூற்றன் எண்ட புரதத்தால குடல் கெடுற சீலியாக் வருத்தம் இந்த ரெண்டிலயும் சேராது. அந்த வருத்தக்காரருக்குக் "குளூற்றன் இல்லை" எண்டு எழுதக் கோடெக்ஸ் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். குரக்கனில இயற்கையா அது கிடையாது. ஆட்டா அரைச்ச மில்லில குரக்கன் அரைச்சா இருக்கும். திரும்பவும் அதே கதைதான்: சேர்க்கேல்லை வேற, இல்லை வேற.

"அப்ப எல்லாத்திலயும் 'கச்சான் இருக்கலாம்' எண்டு போட்டா முடிஞ்சுதே!" சுகமான வேலை. எல்லாப் பைக்கற்றிலயும் அப்படிப் போட்டா அந்தத் தாய் எதை வாங்கிறது? கொஞ்ச நாளில ஒருத்தரும் அதை நம்பாயினம், உண்மையிலயே இருக்கிற பைக்கற்றையும் துணிஞ்சு குடுப்பினம். துப்பரவும் ஒழுங்கும் செய்து பார்த்து, அதுக்குப் பிறகும் தடுக்கேலாது எண்டு தெரிஞ்சாப் போடுங்கோ. சோம்பலுக்குப் போடாதேங்கோ.

"ஒரு பிள்ளைக்காக ஊர் முழுக்க மாறவேணுமோ?" இதுக்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை.

"படிச்சுப்போட்டு வந்து, கணவன் இல்லாமல் உழைக்கிற பெண்களுக்கு வகுப்பெடுக்கிறார்" எண்டு எழுதின தம்பி, அதுதான் உண்மையா நொந்தது. அந்தப் பெண்களில நான் எங்க குறை சொன்னன்? அவைக்கு ஒரு மில்லை இறக்கி, ரிப்பன் வெட்டி, பனருக்கு முன்னால படம் எடுத்துப்போட்டுப் போன ஆக்களைக் கேளுங்கோ. ரெண்டு நாள் பயிற்சியாம். அதில அரை நாள் வரவேற்புரை. தலைக்குத் தொப்பி, கைக்குக் கையுறை, சான்றிதழ். ஒரு மில்லில கச்சானும் கச்சான் இல்லாததும் அரைச்சா என்ன வரும் எண்டு ஒரு வரி? இல்லை. லேபிளை வடிவமைச்சவர் ஏதோ வெளிநாட்டுப் பைக்கற்றைப் பார்த்து "கச்சான் இல்லை" எண்டு ஒரு பச்சை இலையோட போட்டிருக்கிறார். வடிவா இருக்குது எண்டு எல்லாரும் கை தட்டியிருக்கினம். இப்ப பிள்ளைக்கு மூச்சு முட்டினோடன பழி மா அரைச்சவளின்ர தலையில. லேபிள் அடிச்சவர் எங்க? திட்டம் எழுதினவர் எங்க? அடுத்த மாவட்டத்தில இன்னொரு ரிப்பன் வெட்டிக்கொண்டு நிப்பினம்.

ஓம், கொஞ்சம் சூடாகிட்டன்.

இதை வாசிக்கிற வீட்டுக்காரருக்கும் ஒண்டு. உதடு வீங்கி, குரல் அடைச்சு, இழுப்பு வந்தாப் பிரிட்டன் (Piriton) எண்ட அலர்ஜிக் குளிசையைக் குடுத்துக்கொண்டு காத்திருக்காதேங்கோ. அது கடியைக் குறைக்கும், அடைச்ச மூச்சைத் திறக்காது. தேவை அட்ரினலின் ஊசி, தொடையின்ர வெளிப்பக்கத் தசையில. அம்புலன்சுக்கு 1990 நம்பருக்கு அடியுங்கோ. பிள்ளையை நடக்க விடாமல் படுக்கவையுங்கோ, மூச்சுக் கஷ்டம் எண்டா சாய்ஞ்சு இருக்க விடுங்கோ. போன் அடிக்கேக்கயே "கச்சான் அலர்ஜி" எண்டு சொல்லுங்கோ. பைக்கற்றையும் கையில கொண்டு போங்கோ.

செய்யிற இடத்துக்குக் கடைசியா. அந்தப் பச்சை எழுத்துப் பைகள் இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்காம், எறிய மனமில்லாமல் மிளகாய்த்தூள் கட்ட எடுக்கப்போகினமாம். அதே மில்லில அரைச்ச மிளகாய்த்தூள். பைகளைக் கத்தரியால வெட்டிப்போட்டு ஒரு படம் போடுங்கோ, பார்ப்பம்.