வாயில்லா ஜீவனும் வாயுள்ள சொந்தக்காரர்களும்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அம்மாவும் நானும் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டதுதான் போட்டேன், வந்த கமெண்ட்டில் முக்கால்வாசி "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்" என்றுதான் இருந்தது. "நடக்கத் தெம்பில்லேன்னா மேல நின்னு பார்த்துட்டு வர வேண்டியதுதானே" என்று ஒரு சொந்தக்காரர் அறிவுரையே எழுதிவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி மாளாது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மிருகத்தின் முதுகில் ஏறுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு ஏற்றலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? காசு கொடுப்பவரா, அதற்குத் தீனி போட்டு வளர்ப்பவரா? என் கேள்வி அது ஒன்றுதான்.

அங்கே போனதும் முதல் வேலை தராசில் ஏறுவது. உடுத்திய துணி, மாட்டிய ஷூ எல்லாவற்றோடும் ஏற வேண்டும். அடிவாரத்தில் தங்கி வருகிற பயணத்துக்கு 200 பவுண்டு, அதாவது 90 கிலோ சொச்சம்தான் வரம்பு. எங்களோடு வர இருந்த ஒருவர் அதைத் தாண்டிவிட்டார். கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை, அவரை விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். ஆங்கிலம் சரளமாகத் தெரிய வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. இது இனவெறி என்று ஒரு நண்பர் கொதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதல பாதாளம், நடுவில் முன்னால் வழிகாட்டிப் போகிற ரேங்லர் (கழுதைக்காரர்) ஏதோ கத்துகிறார் என்றால் அது அந்த நொடியிலேயே புரிந்தாக வேண்டும்.

கேதார்நாத் போய் வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. அறிவுரை எழுதினவரும் அதில் ஒருவர்தான். மலையேற்றம் தொடங்குகிற கௌரிகுண்டில் உங்களை யாராவது எடை போட்டார்களா? 2022 யாத்திரையில் அந்தப் பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்து விழுந்து பெரிய சர்ச்சையானதே, அப்போது எத்தனை பேர் "பாவம்" என்று எழுதினீர்கள்?

அம்மாவுக்கு வருவோம். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் இங்கிலீஷ் டீச்சர். மொழி விதியில் பிரச்சினையே இல்லை, உடுப்பில்தான் வந்தது. முழுக்கால் பேண்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி கட்டாயம். சேலையைத் தவிர வேறெதுவும் கட்டியறியாத மனுஷி ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "ஏட்டி, இத மட்டும் ஃபேஸ்புக்குல போட்டுராத" என்றார். போட்டுவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு சின்னச் சாட்டை கொடுத்தார்கள். முன்னால் போகிற கழுதைக்கும் நம்முடையதுக்கும் இடைவெளி விழவே கூடாது. விழுந்தால் பின்னால் இருப்பது எட்டிப் பிடிக்க ஓட ஆரம்பித்துவிடும். அம்மா சாட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரம்பைக் கீழ வச்சிட்டுத்தான ரிட்டயர்டு ஆனேன்?" என்றார்.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்த இந்த மிருகத்தைப் பிடிவாதக்காரன் என்பார்கள். உண்மையில் அதற்குத் தன் உயிர் மேல் அக்கறை அதிகம். நம்பிக்கையில்லாத இடத்தில் காலை வைக்காது, முடியவில்லை என்றால் நின்றுவிடும். கண் அமைப்பிலேயே தன் நாலு காலும் எங்கே பதிகின்றன என்று அதற்குத் தெரியுமாம். ஆனால் நடப்பது என்னவோ பாதையின் வெளி விளிம்பில்தான். பொதி சுமந்து பழகியதால் பாறையில் மூட்டை இடிக்காமல் தள்ளிப் போகிற வழக்கம் என்று சொன்னார்கள். ஓய்வுக்கு நிறுத்தும்போது இன்னும் கொடுமை, கழுதையைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்துவார்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் பின்வாங்கிப் போய் விழாது என்பது கணக்கு. கழுதையின் கழுத்து அந்தரத்தில், அதற்குப் பின்னால் அம்மா, காதுக்கு நடுவே நேரே கீழே ஆகாசம் மாதிரி வெட்டவெளி. "திருச்செந்தூர் முருகா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கழுதை அசையாமல் நின்று புல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடம் ஹவசுபாய் கார்டன்ஸ். மரமும் ஓடையுமாக, அந்த வெயிலில் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பெயர் 2022-இல்தான் வந்தது. ஹவசுபாய் என்கிற பழங்குடி மக்கள் அங்கே பயிர் செய்து வாழ்ந்தவர்கள். 1919-இல் அது தேசியப் பூங்கா ஆனது. கடைசியாக மிச்சமிருந்த கேப்டன் பர்ரோ என்பவரையும் 1928-இல் வெளியேற்றினார்கள்.

அதே 1928-இல்தான் கீழே கொலராடோ ஆற்றின் மேல் தொங்கு பாலம் கட்டினார்கள். கழுதைகள் இன்றும் அதில்தான் ஆற்றைக் கடக்கின்றன. அதன் முக்கிய இரும்புக் கயிறு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 168 மீட்டர் நீளம், ஒரு டன் எடை. துண்டு போட முடியாததைக் கழுதை முதுகில் எப்படி ஏற்றுவது? 42 ஆட்கள் வரிசையாகத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் இறக்கினார்கள். பெரும்பாலும் ஹவசுபாய் ஆண்கள். ஒரு பக்கம் ஊரை விட்டுத் துரத்தல், மறு பக்கம் தோளில் இரும்பு. அவர்களை எந்தத் தராசில் நிறுத்தி எடை பார்த்தார்கள்? பாலத்தைக் கடக்கையில் இதை அம்மாவிடம் சொன்னேன். "பாவம்னா இதுல்லா பாவம்" என்றார்.

ராத்திரி பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற ஃபேண்டம் ராஞ்ச் விடுதியில் தங்கல். 1922-இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் குடில்கள். சமையல் சாமானிலிருந்து நாம் போடுகிற குப்பை வரை எல்லாமே கழுதை முதுகில்தான் வந்து போகிறது. அங்கிருந்து போடுகிற தபால் அட்டையும் அப்படித்தான், 'கழுதை வழி அஞ்சல்' என்று முத்திரையே குத்துகிறார்கள். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் எழுதினார்.

எப்படிப் போவது என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: 15 மாதத்துக்கு முன்பே லாட்டரியில் பெயர் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே ஷூவோடு எடை பார்த்துவிட்டுக் கொடுங்கள். பெட்டி படுக்கை எதுவும் கிடையாது. ஐஸ் கட்டி விற்கிற பை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள், அதில் அடங்குவதுதான் உங்கள் சாமான். அதில் ஒரு ஓரமாகத் தைலம் கண்டிப்பாக வையுங்கள். முதல் நாள் முடிந்து இறங்கினபின் அம்மாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எனக்கு அதைவிட மோசம்.