புவே தீவு: பார்த்தார், ஆனால் இறங்கவில்லை

தென் அட்லாண்டிக்கில் உள்ள புவே தீவில் 1739-இல் பிரெஞ்சு மாலுமி புவே த லோசியே "கால் பதித்தார்" என்று, இந்தத் தீவைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. அவர் இறங்கவே இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று மூடுபனிக்கு நடுவே பனி மூடிய ஒரு முனையைப் பார்த்தார், அவ்வளவுதான். பல நாள் சுற்றிப் பார்த்தும் கரையை நெருங்க முடியவில்லை. அது தீவா, தெற்கே இருப்பதாக அன்று நம்பப்பட்ட பெரிய கண்டத்தின் நுனியா என்றுகூடத் தெரியாமல் திரும்பிவிட்டார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. அன்று கடலில் தீர்க்கரேகையை, அதாவது கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சரியாகக் கணிக்க நம்பகமான கடிகாரம் கிடையாது. அதனால் அவர் குறித்த இடம் தப்பு. ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்தில் நல்ல கடிகாரத்தோடு போயும், தேடிய இடமே தப்பு என்பதால், அப்படியொரு நிலம் இல்லை என்றே முடிவு கட்டினார். 1808-இல் லிண்ட்சே என்ற திமிங்கில வேட்டைக் கப்பல்காரர் கண்ணில் மறுபடி பட்டது. சரியான இடம் உறுதியானது 1898-இல், ஜெர்மனியின் வால்டிவியா ஆய்வுக் கப்பலால். 1927-இல் நார்வேக்காரர்கள் இறங்கிக் கொடி நட்டார்கள். இன்றும் அது நார்வேயுடையதுதான்.

இதே புவே 1748-இல், பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சென்னைக்கு, ஆங்கிலேயக் கப்பல்களை ஏமாற்றிவிட்டு வெள்ளியும் வீரர்களும் கொண்டுவந்து சேர்த்தவர். அதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.