கடனைக் கட்டப்போவது நாங்கள், முடிவெடுப்பது யார்?

கேரளத்தின் தமிழ் எல்லையில் உள்ள எங்கள் நகராட்சி மண்டபத்தில், வெளிநாட்டு வங்கிக் கடனில் வரும் திட்டத்துக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. எந்த ஊர், எந்த ஆலோசனை நிறுவனம், பேசியவர் யார் என்பதையும் எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், பேருந்து நிலையச் சாலைக்கு அலங்கார விளக்கும் வண்ணக் கல்லும் ஏன் முதல் வேலையாக வருகின்றன என்று முன்னாள் கவுன்சிலர் ஒருவர் தமிழில் கேட்டார். பணம் தருகிறவர்கள் அதற்குத்தான் தருகிறார்கள், வேண்டாமென்றால் வேறு ஊருக்குப் போய்விடும் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. மேடையில் இருந்த இருவர் சிரித்தார்கள். பதிலைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

பணம் தருகிறவர்கள் யார் என்பதை முதலில் பேசிவிடுவோம். வெளிநாட்டு வங்கிகள் நம் நகராட்சிகளுக்குத் தருவதில் பெரும்பகுதி கடன். வட்டியோடு திரும்பிப் போகும் பணம் அது. 2021இல் தொடங்கிய கேரளத் திடக்கழிவு மேலாண்மைத் திட்டத்தின் மொத்த மதிப்பு 30 கோடி டாலர். அதில் உலக வங்கியின் கடன் 10.5 கோடி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் கடன் 10.5 கோடி, மீதி 9 கோடி மாநிலத்தின் சொந்தப் பங்கு. 12ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2005 முதல், மத்திய அரசு வாங்கும் இத்தகைய வெளிக்கடன் அதே நிபந்தனைகளோடு மாநிலத்தின் தலையில் இறங்குகிறது. ரூபாயின் மதிப்பு சரிந்தால் அந்த இழப்பும் மாநிலத்தையே சேரும். அதே 2005இன் இறுதியில் ஆசிய வளர்ச்சி வங்கி கேரள நகரங்களுக்காக 22 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தபோது ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். இன்று அது 80ஐத் தாண்டி நிற்கிறது. அந்தத் திட்டமும் திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு ஆகிய ஐந்து மாநகராட்சிகளுக்கானது. பாலக்காட்டுக்கே அதில் இடமில்லை என்றால், அதற்கும் கிழக்கே எல்லையில் கிடக்கும் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும் வரியில் எங்கள் கடைக்காரரின் பங்கும் இருக்கிறது. கட்டுகிறவன் கேள்வி கேட்டால் சிரிப்பு வருகிறது.

அன்றைக்குத் திரையில் காட்டிய படங்களில் ஒன்று, உள்ளாட்சிக்குத் திறன் போதாது என்பதைச் சிவப்பில் எழுதியிருந்தது. போதாதுதான், யார் மறுத்தார்கள்? கேரளத்தில் நகராட்சிச் செயலரையும் பொறியாளரையும் நியமிப்பதும் இடம் மாற்றுவதும் மாநில அரசு. எல்லைப்புற ஊருக்கு வந்து சேருகிற பொறியாளர், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மாற்றல் கேட்டு மனு எழுதுகிறார். அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் பொறுப்பாம். அந்தக் குறையைக் கண்டுபிடித்து எழுதுவதற்கு ஓர் ஆலோசகராம். அவருக்கான கட்டணமும் திட்டச் செலவில்தானாம். ஆளைக் கொடுக்காமல் வைத்துவிட்டு ஆளில்லை என்று அறிக்கை எழுதுவதற்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென 18 பணிகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது நகரத் திட்டமிடல். ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ஊரின் மன்றம் என்பதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது.

எங்கள் பெரியப்பா தமிழ்ப் பள்ளி ஆசிரியர். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டபோது, ஊராட்சியின் பணிக்குழுவில் அவரையும் சேர்த்தார்கள். மாலையில் பள்ளி விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய கணக்கு நோட்டு ஒன்றோடு கிணறு கிணறாகப் போவார். எந்தக் கிணற்றில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்த ஏரியின் மடை உடைந்திருக்கிறது, எந்தத் தெருவுக்கு நடைபாதை இல்லை என்று அவர் தமிழில் எழுதிவைத்ததை, கூட்டாளி ஒருவர் மலையாளத்தில் பெயர்த்து வளர்ச்சி அறிக்கைக்குக் கொடுத்தார். கிராமசபையில் சண்டையும் நடந்தது. எங்கள் தெருவா உங்கள் தெருவா என்று பெரியம்மாவே எழுந்து நின்று கேட்டார். கடைசியில் சாலையைத் தள்ளிவைத்து ஏரியைத் தூர்வார முடிவானது. மழை பொய்க்காத ஆண்டுகளில் அந்த ஏரியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரும் எங்களுக்குத் திறன் போதாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியம்மா விட்டிருக்க மாட்டார்.

உள்ளாட்சியில் ஊழல் இல்லையா என்று கேட்கப் போகிறீர்கள். இருக்கிறது. அதற்குத் தணிக்கை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆலோசனை நிறுவனத்தை எந்தத் தேர்தலில் அனுப்புவது?

அப்படியானால் கடனே வேண்டாமா என்று இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை. 2011இல் உலக வங்கியின் 20 கோடி டாலர் கடனோடு வந்த உள்ளாட்சித் திட்டம், 978 கிராம ஊராட்சிகளுக்கும் 60 நகராட்சிகளுக்கும் செயல்திறனை மதிப்பிட்டு மானியம் கொடுத்தது. எதற்குச் செலவழிப்பது என்பதில் உள்ளாட்சிக்கு இடம் விட்டது. கணக்கைக் கேள், வேலையைச் சோதித்துப் பார், முடிவை ஊரிடம் விடு. அதே வங்கியால் அது முடிந்திருக்கிறது என்றால், இப்போது மட்டும் ஏன் விளக்குக் கம்பத்தின் நிறம் வரை மேலிருந்து வருகிறது?

கேரள உள்ளாட்சிகள் நாட்டுக்கே முன்மாதிரி, இதிலும் குறை சொல்கிறாயே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். முன்மாதிரி என்பதால்தான் வலிக்கிறது, நண்பரே. எங்கள் பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சி 2003இல் பிளாச்சிமடை கொக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வருமானம் தரும் ஆலை. ஊராட்சிக்கு அது சிறிய தொகையல்ல. நிலத்தடி நீர் கெடுகிறது என்று மயிலம்மாவைப் போன்ற பழங்குடிப் பெண்கள் வாயிலில் உட்கார்ந்தார்கள், ஊராட்சி அவர்கள் பக்கம் நின்றது, நீதிமன்றம் வரை போனது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010இல் அரசின் உயர்மட்டக் குழுவே கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவேயில்லை. இந்தக் கதையில் எந்த மட்டத்துக்குத் திறன் போதவில்லை என்பதை அந்தச் சிவப்புப் படத்தைத் தயாரித்தவர்கள் சொல்லட்டும்.

எல்லைக்காரர்களுக்கு நன்றி கிடையாது என்றும் ஒருவர் பின்னூட்டம் இட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாலக்காட்டுப் பேருந்தில் நாங்கள் பாண்டிகள். பொள்ளாச்சிச் சந்தையில் மலையாளத்தார். தமிழ்நாட்டோடு கேரளம் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டிய தண்ணீர் குறைகிற கோடையில் இரண்டு மாநிலங்களும் கடிதம் எழுதிக்கொள்ளும். நடுவில் தென்னை காய்வது எங்கள் தோட்டத்தில். பின்தங்கிய பகுதி என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எங்களைக் காட்டித்தான் கடன் வாங்குகிறார்கள். அடுத்த பக்கத்தில் நாங்கள் இல்லை. நன்றி எதற்கு, முதல் பக்கத்துக்கா?

அந்த முன்னாள் கவுன்சிலருக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். வேண்டுமென்றே தமிழில் கேட்டார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமைப்படி திட்ட அறிக்கையின் தமிழ்ப் பிரதி கேட்டு நான் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எந்த வேலைக்கு எவ்வளவு, ஆலோசகருக்கு எவ்வளவு, வரிசையைத் தீர்மானித்த கூட்டம் எப்போது எங்கே நடந்தது, அதில் எங்கள் கவுன்சிலர்கள் யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பவையே என் கேள்விகள். நன்றியைப் பற்றிப் பின்னூட்டம் எழுதுகிறவர்கள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு எழுதுங்கள். ஏற்கெனவே படித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.