திங்கட்கிழமைத் தராசு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு. மரக்கறிச் சாப்பாடுதான், ஆனால் மரக்கறி என்று ஏமாறக் கூடாது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, அப்பளம், மோர்மிளகாய், கடைசியில் பாயாசம். "தம்பி ஒண்டும் சாப்பிடேல்லை" என்று மாமி அகப்பை நிறையச் சோற்றோடு வந்து நிற்கும்போது கலோரிக் கணக்கா சொல்ல முடியும்? போன வருடம் இதே மாமிதான், "என்ன, வண்டி வைச்சிட்டுது" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டவர். அது வேறு கதை.

திங்கள் காலை தராசில் ஏறினேன். சனிக்கிழமை 77.2 கிலோ காட்டிய தராசு 78.9 காட்டியது. ஒரே நாளில் 1.7 கிலோ.

சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, ஐந்து மாதமாய் மரைன் டிரைவில் கடற்காற்றில் நடந்து, இரவுப் பிட்டைப் பாதியாக்கி, தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தி, 84 இலிருந்து இறங்கி வந்தவன் நான். இரண்டு தரம் இறங்கி ஏறிப் பார்த்தேன். தராசை நகர்த்தி வேறு மாபிளில் வைத்தும் பார்த்தேன். அதே 78.9.

அன்றைக்கு நான் செய்த காரியம்தான் பெரிய முட்டாள்தனம். காலையும் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை. வெறும் பிளேன் டீ. பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் சுடச்சுட அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு ரோல்ஸ், ஒரு பற்றிஸ். நின்றபடியே. பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி இடியப்பமும் சாப்பிட்டேன்.

சரி, அந்த 1.7 கிலோ என்ன? ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியென்றால் 1.7 கிலோ கொழுப்பு ஏற, வழமையான சாப்பாட்டுக்கு மேலதிகமாய் 13,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு கொத்து ரொட்டிக்கு ஆயிரம் என்று வைத்தாலும் பதின்மூன்று கொத்து. மாமி எவ்வளவு வற்புறுத்தியும் நான் அவ்வளவு சாப்பிடவில்லை. தராசில் ஏறியது பெரும்பாலும் தண்ணீர். சோற்றிலும் பாயாசத்திலும் இருக்கும் மாச்சத்தையும் சீனியையும் உடம்பு கிளைக்கோஜனாக்கி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் மூன்று கிராம் அளவில் தண்ணீரும் சேர்ந்து தங்கும். அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் என்று போன உப்பு இன்னும் கொஞ்சத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மிச்சம், இன்னும் குடலை விட்டு இறங்காத ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை பார்த்தபோது 77.5. நான் திங்கட்கிழமை பட்டினி கிடந்ததால் அல்ல, அது தானாய்ப் போகிற தண்ணீர்.

இந்தத் திங்கட்கிழமைப் புத்தியை ஆராய்ச்சிக்காரர் எப்போதோ பிடித்துவிட்டார்கள். 1975இல் ஹேர்மன், மாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ருசி பார்க்கும் பரிசோதனை என்று சொல்லி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக், பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாதாரணமாய்ச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிற ஆட்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் கூடுதலாய்ச் சாப்பிட்டார்கள்! கட்டுப்பாடு ஒருக்கால் உடைந்தால், இனி என்னத்துக்கு என்ற எண்ணம். இதைப் பரிசோதித்துப் பார்க்க அமெரிக்காவில் ஒரு கூடம் தேவைப்பட்டிருக்கிறது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எங்கள் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தண்ணீர்க் கதையைச் சொல்லிக்கொண்டு நானும் கொஞ்ச நாள் என்னை ஏமாற்றினேன். "ஒரு நாள்தானே, எப்பவாவதுதானே." இந்த எப்பவாவது கொழும்பில் எத்தனை தரம் வருகிறது என்று ஒருநாள் தொலைபேசியில் இருந்த படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். தைப்பொங்கல், சித்திரைப் புதுவருடம், வெசாக்குக்குத் தெருவுக்குத் தெரு இலவசமாய்ச் சாப்பாடு தருகிற தன்சல், நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டுப் புரியாணியும் வட்டிலப்பமும், தீபாவளி, நத்தாருக்கு ஒபிசில் கேக். நாலு சமயத்துக்காரரோடும் ஒற்றுமையாய் வாழ்கிற ஊரில் நாலு சமயத்தின் சாப்பாட்டையும் மறுக்க முடியாது. இவற்றோடு கலியாணம், பிறந்தநாள், கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு விருந்து. எண்ணிப் பார்த்தால் பதினொரு 'எப்பவாவது'.

நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 195 பேரை நிறுத்துப் பார்த்தது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாய் ஏறியது 0.37 கிலோ மட்டும். அரைக் கிலோவும் இல்லை. பயந்ததெல்லாம் வீண் என்று நினைக்கும்போதுதான் அடுத்த வரி வருகிறது: அந்த ஏறிய நிறை பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. பத்து வருடத்துக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் என் வண்டியின் வரலாறு தெரிகிறது.

என் கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு 400 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறேன் என்று வைப்போம். ஞாயிறு விருந்தில் தேவைக்கு மேல் 1,500. மிச்ச ஆறு நாளும் ஒழுங்காய் இருந்தால் 2,400 குறையும். கழித்தால் அந்த வாரத்தில் இன்னும் 900 என் பக்கம். வேகம் குறையும், ஆனால் இறக்கம்தான். இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது விருந்தே இல்லை. பார்சல்.

சாமத்திய வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது, "பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று கையில் திணிக்கப்படும் அந்தப் பை. பயற்றம் உருண்டை, முறுக்கு, சீப்பணியாரம், அரியதரம். மேசையில் வைத்தால் இரண்டு நாளைக்கு அந்த வழியால் போகும் ஒவ்வொரு தடவையும் ஒன்று. பிள்ளைகள் பயற்றம் உருண்டையைத் தொடுவதே இல்லை, அவர்களுக்கு சொக்லேட் வேண்டும். ஆக, முழுப் பையும் எனக்கு. திங்களும் செவ்வாயும் 400 குறைப்பதற்குப் பதிலாய் 300 கூடிவிட்டால், மிச்ச நாலு நாளின் 1,600ஐக் கழித்தாலும் வாரக் கடைசியில் 500 கலோரி எனக்கு எதிராய் நிற்கும். விருந்தில் வந்த 1,500 முதல் கணக்கிலும் இருக்கிறது, இரண்டாவதிலும் இருக்கிறது. வித்தியாசம் அந்தப் பைதான்.

ஒன்று மட்டும். தனியே, ஒளித்து, நிறுத்த முடியாமல் வாராவாரம் சாப்பிட்டு, பிறகு மனம் நொந்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அவர்களைப் பற்றியல்ல. அது வருத்தம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. டொக்டரிடம் கதைக்க வெட்கப்பட வேண்டாம்.

இப்போது விருந்துக்கு அடுத்த நாள் தராசில் ஏறுவதில்லை. வெள்ளிதான். திங்கள் காலை வழமைபோல இரண்டு முட்டை, பாண் ஒரு துண்டு, கடலோரம் நடை. பட்டினி இல்லை, பழிவாங்கல் இல்லை. விருந்தில் பாயாசமும் குடிக்கிறேன், பாயாசம் இல்லாமல் என்ன விருந்து.

பை விஷயத்துக்குத்தான் இன்னும் வழி காணவில்லை. வருகிற ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். தருகிற பலகாரத்தை அப்படியே கீழே செக்கியூரிட்டி ஐயாவுக்குக் குடுப்போம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசனுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம்."