சேர்ந்து ஓடலாம்னு சொன்னாங்களே
முதல் ஹாஃப் மாரத்தான், 21.1 கிலோமீட்டர், அண்ணன் அண்ணி அவங்க பையன்னு குடும்பமா ஓடலாம்னு ஆரம்பிச்சதே நான்தான், அதனால யாரையும் வாய்விட்டு திட்டக்கூட முடியல. கடைசி வரைக்கும் சேர்ந்தே ஓடுவோம்னு மூணு மாசமா பேச்சு. ஆரம்பிச்சு ரெண்டாவது நிமிஷமே அண்ணன் பிச்சுக்கிட்டு போயிட்டான்! முதல்லயே வேகமா ஓடினா உடம்புல சேமிச்சு வச்சிருக்கிற சர்க்கரைச் சத்து, அதான் கிளைகோஜன், சீக்கிரம் தீர்ந்துடும், மெதுவா ஆரம்பிங்கன்னு எங்களுக்கு கிளாஸ் எடுத்தவனே அவன்தான்.

அண்ணி இன்னொரு ரகம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாட்ச் பீப் அடிக்கும், உடனே "ஏழு நிமிஷம் பத்து செகண்ட், ஏழு இருபது, ஸ்லோ ஆகுறோம்"னு கமெண்டரி, எனக்கு மூச்சே வரல இதுல பதில் வேற சொல்லணுமாம். பையன் முன்னாடி ஓடி திரும்பி நின்னு "அத்தை சிரிங்க"ன்னு வீடியோ எடுக்கிறான். எங்கடா சிரிக்கிறது.

14வது கிலோமீட்டர்ல லேஸ் அவுந்துச்சு. குனிஞ்சு கட்டிட்டேன், நிமிர முடியல, தொடை அப்படியே பிடிச்சுக்கிச்சு. அண்ணி கை கொடுத்து தூக்கி விட்டாங்க, சும்மா சொல்லக்கூடாது, ஆனா முதல்ல வாட்ச்ல ஓடுற டைமரை நிறுத்திட்டுதான்.

17ல பார்த்தா அண்ணன் ரோட்டோரமா இடுப்புல கை வச்சு நடந்துகிட்டு இருக்கான், முகமெல்லாம் வெளுத்துப்போய். கேட்டா "உங்களுக்காகத்தான் வெயிட் பண்றேன்"ங்கிறான்.

சரி, கை கோர்த்து முடிப்போம்னா கடைசி பத்து மீட்டர்ல என் கையை உதறிட்டு ஓடி ஒரு செகண்ட் முன்னாடி முடிச்சுட்டான். நான் ரெண்டு நாளா மாடிப்படியில பின்பக்கமா இறங்கிட்டு இருக்கேன், அவன் ஃபேமிலி குரூப்ல ஃபுல் மாரத்தான் லிங்க் போடுறான்.