எங்கே போகிறீர்கள், காசா கார்டா?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேன். மதிலோரம் பழைய ஆல்ட்டோ ஒன்று நிற்கிறது. ஸ்டியரிங்கில் மாமா, பென்ஷன் வயது, ஈபிஎப் காசில் வாங்கிய கார். பின் சீட்டில் மருமகன், ஐந்து வருடமாக டாக்ஸி ஆப்பில் வாகன் ஆர் ஓட்டுகிறவன், இன்றைக்கு மாமாவுக்கு அந்த ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மாமிக்கு விஷயம் தெரியாது. நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததால் மாமாவின் காலில் ஓட்டச் சப்பாத்து, வாசிக்கிற கண்ணாடி வீட்டில்.

மருமகன்: சரி மாமா, நான்தான் கஸ்டமர். பம்பலப்பிட்டியில் நிற்கிறேன். போனில் சத்தம் வந்துவிட்டது, எடுத்துவிட்டீர்கள். அடுத்தது என்ன?

மாமா: போய் ஏற்றுவேன். வேறென்ன?

மருமகன்: அதற்கு முதல் ஒரு கோல் எடுக்க வேண்டும்.

மாமா: நீ எங்கே வருகிறாய் என்று தெரியுமடா. "கொஹெத யன்னே? காஷ்த, கார்ட்த?" எங்கே போகிறீர்கள், காசா கார்டா, சிங்களத்தில் இந்த இரண்டு கேள்விதானே? இதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பிரஷர் வந்தது. ஒருநாள் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போக வேட்டியைக் கட்டிக்கொண்டு மழைக்குள்ளே நிற்கிறேன், ஒவ்வொருத்தனும் "கொட்டாஞ்சேனையா, ஹரி சேர்" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைக்கிறான், அடுத்த நிமிடம் கேன்சல். ஐந்து பேர்! அந்தச் சிவன்மேல் சத்தியம், என் வாயால் இந்தக் கேள்வி வராது.

மருமகன்: நல்லது. சத்தியம் அப்படியே இருக்கட்டும். நான் ஏறிவிட்டேன், கிறீன் பாத் போக வேண்டும். மேப்பில் என்ன போட்டிருக்கிறது?

மாமா: கண்ணாடி இல்லை, நீயே வாசி.

மருமகன்: ஆனந்த குமாரசாமி மாவத்தை. இப்படித்தான் மாமா, மேப் ஒரு பெயர் சொல்லும், ஆட்கள் வேறு பெயர் சொல்வார்கள். முதல் மாதம் ஒரு அன்ரி டரட் ரோட் என்றா, நான் அப்படி ஒரு ரோட்டே இல்லை என்று சண்டை பிடித்தேன்.

மாமா: தர்மபால மாவத்தையடா அது! புல்லர்ஸ் ரோட் என்றால் பௌத்தாலோக மாவத்தை, டுப்ளிகேஷன் என்றால் ஆர். ஏ. டி மெல் மாவத்தை, இங்கே பக்கத்தில் ஹை ஸ்ட்ரீட் என்றால் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. ஆனந்த குமாரசாமி யார் தெரியுமா? நடராஜர் சிலையைப் பற்றி எழுதி வெள்ளைக்காரனுக்கே விளங்க வைத்த மனிசன், 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர், தகப்பன் முத்துக்குமாரசாமி, நம்முடைய ஆள். இவ்வளவு பெரிய ஆளின் பெயரை வைத்த பிறகும் கிறீன் பாத், கிறீன் பாத் என்றால்...

மருமகன்: இதைக் கஸ்டமரிடம் சொல்லாதீர்கள். ஒரு ஸ்டார் போய்விடும்.

மாமா: அறிவைச் சொன்னால் ஸ்டார் போகுமா? உனக்கு எத்தனை?

மருமகன்: 4.8.

மாமா: மிச்சம் 0.2 எங்கே?

மருமகன்: ஏசியில் போனது. போடச் சொன்னார்கள், பழுது என்றேன்.

மாமா: பழுதா?

மருமகன்: இல்லை. 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டினால் காருக்கு வாரம் 20 லீட்டர் பெட்ரோல் தந்தார்களே, அதற்குப் பிறகு ஏசி பட்டனைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும்.

மாமா: என் காரில் ஏசி எப்போதும் ஓடும்.

மருமகன்: ஓடட்டும். தெகிவளையில் ஒருவர் கூப்பிடுகிறார், இங்கிருந்து வெறும் காராகப் போகிறீர்கள். அந்தப் பெட்ரோல் யாருடையது?

மாமா: அவருடையது.

மருமகன்: உங்களுடையது. அவர் ஏறி அடுத்த சந்தியில் இறங்குவார். வந்த காசில் ஆப் தன் பங்கை எடுக்கும். கார்ட் என்றால் மிச்சமும் கைக்கு வராது, பிறகுதான் வரும்.

(மாமா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுக்கிறார். முப்பது வருடம் கணக்குக் கிளார்க்.)

மாமா: பிறகு என்றால்?

மருமகன்: பிறகுதான்.

மாமா: பெட்ரோல் ஷெட்டில் நான் "பிறகு" என்று சொன்னால்?

மருமகன்: சொல்லிப் பாருங்கள்.

மாமா: (உள்ளங்கையில் எழுதிக்கொண்டே) தெகிவளை போக... அடுத்த சந்தி... ஆப்பின் பங்கு... தம்பி, கழித்துக்கொண்டு போனால் நான்தான் அந்த ஆளுக்குக் காசு கொடுத்து ஏற்றுகிறேன்!

மருமகன்: இப்போதுதான் பாடம் விளங்குகிறது.

மாமா: அந்த ஏசியை நிறுத்து.

மருமகன்: கார் ஸ்டார்ட்டிலேயே இல்லை மாமா.

(போனில் சத்தம்.)

மருமகன்: மாமா, எந்தப் பட்டனை அமத்தினீர்கள்? ஒன்லைனில் நிற்கிறீர்கள்! அது உண்மையான ஹயர்!

மாமா: பச்சையாக ஒன்று இருந்தது, அமத்தினேன். பேசாமல் இரு, கோல் எடுக்கிறேன். (குரலைத் தடிப்பாக்கி) ஹலோ... கொஹெத யன்னே? காஷ்த, கார்ட்த?

மருமகன்: சிவன்மேல் சத்தியம் என்றீர்களே!

மாமா: (போனில், குரல் இறங்கி) ...ஓம். ...நான்தான். ...இல்லையம்மா, நடக்கத்தான் வந்தேன். ...கார்தான், ஆனால் நிற்கிற கார். ...சப்பாத்து போட்டுத்தான் இருக்கிறேன். ...சரி. சரி.

மருமகன்: யார்?

மாமா: சந்தை வாசலில் நிற்கிறாளாம், இரண்டு பை மரக்கறியோடு. வீட்டுக்குத்தான்.

மருமகன்: ஐயோ மாமியா! அறுநூறு மீற்றர்கூட வராதே! கேன்சல் பண்ணுங்கள்!

மாமா: நீ இறங்கிப் போய்ப் பண்ணு பார்ப்போம்.

மருமகன்: அப்போ காசா, கார்டா?

மாமா: கேட்டேன்தானே. வீட்டுக்கு வந்து தருகிறாளாம்.