பிரெடி மெர்க்குரி எங்களுக்குப் பட்ட கடன் பாட்டு மட்டும்தான்

குயீன் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஆட்கள் மூன்று குறை சொல்வார்கள். பிறந்த இடத்தை மறைத்தார், பெற்றோர் வைத்த பெயரைத் தூக்கிப் போட்டார், கடைசியில் வந்த நோயையும் சாகும்வரை மூடி வைத்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து குயீன் குழுவைக் கேட்டு வருகிறவன் நான். இந்த மூன்றையும் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதுவும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொன்னால் இரட்டிப்பாக வரும். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இந்த மனிதரின் கதையை நான் முதலில் ஒரு அகதியின் கதையாகத்தான் பார்க்கிறேன். 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி, கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் (பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த சொராஸ்திரிய மதத்தவர்) பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஃபாரூக் புல்சாரா. அப்பா பொமி புல்சாரா பிரித்தானிய ஆட்சியின் கீழ் நீதிமன்றத்தில் காசாளர். எங்கள் ஊர்களில் ‘மலாயன் பென்சனியர்’ வீடு என்று இன்றைக்கும் சில வீடுகளைக் காட்டுவோம். அதே மாதிரி, வெள்ளைக்காரன் உத்தியோகத்துக்காகக் கடல் கடந்துபோன குடும்பம். மகனை எட்டு வயதிலேயே இந்தியாவில் பஞ்ச்கனி என்ற மலையூரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பியானோ அங்கேதான் படிந்தது. ஹெக்டிக்ஸ் என்று ஒரு பள்ளிக்கூட இசைக்குழு, அதில் பியானோவில் இருந்தவர் இவர்.

படிப்பு முடிந்து தீவுக்குத் திரும்பிக் கொஞ்சக் காலம்தான் இருந்தார். 1964 ஜனவரி 12இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அரபுக்காரரும் இந்திய வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கைக்கு அகப்பட்ட பெட்டிகளோடு இங்கிலாந்துக்குப் போய், ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெல்தம் என்ற இடத்தில் குடியேறியது. பையனுக்கு அப்போது 17 வயது.

இதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்தைவிட்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அதற்குச் சரியாக ஐந்து வருடம் முந்தி, 1990இன் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் பெட்டியோடுதான் போனார்கள். பெட்டியோடு போன ஒருவன் போன இடத்தில் தன்னை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

லண்டனில் அவர் பட்ட பாடும் எங்கள் பிள்ளைகள் பட்ட பாடுதான். ஹீத்ரோவில் பொதி தூக்கினார். ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். ட்ரம்ஸ் வாசித்த ரொஜர் டெய்லரோடு சேர்ந்து கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்பு விற்றார். 1970இல் கிற்றார் கலைஞர் பிரையன் மேயும் சேர, குழு உருவானது. குயீன் என்ற பெயர் அவர் வைத்தது. குழுவின் சின்னத்தை வரைந்ததும் அவர்தான். நாலு பேரின் இராசிகளையும் அதற்குள் வைத்தார். தன் பெயரை மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். அடுத்த வருடம் பேஸ் கிற்றாருக்கு ஜோன் டீக்கன் வந்தார். அதன்பிறகு கடைசிவரை அதே நாலு பேர்.

சரி, மறைத்தார் என்கிறார்களே, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு கோவில் திருவிழாவில் இசைக்குழு நிகழ்ச்சி முடிந்து, மேடைக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாடிய பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மூன்று மணித்தியாலம் முன்னால் நின்று கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தவன். வேட்டி சால்வையோடு ஒரு பெரியவர் வந்தார்.

“நல்லாப் பாடினீர் தம்பி. எந்த இடம்?”

“கொக்குவில் ஐயா.”

“கொக்குவிலில எவடம்? ஆற்ற பிள்ளை?”

பையன் தகப்பன் பெயரைச் சொன்னான். பெரியவருக்கு அது காணவில்லை. அப்பப்பா ஆர், அவர் என்ன செய்தவர் என்று போனார். பையன் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சுற்றி முடிந்த வயரை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது, விசாரிக்கப்படுவது சாதி என்று. அவன் பாடிய பாட்டில் ஒன்றைப் பற்றிக்கூட அந்த மனிதர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த மண்ணில் இருந்துகொண்டு, பிறப்பைப் பற்றிப் பேச விரும்பாத ஒரு கலைஞனை ‘மறைத்தவன்’ என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. எழுபதுகளின் இங்கிலாந்தில் தோல் நிறத்துக்காகத் தெருவில் அடித்தார்கள். அந்த ஊரில் ரொக் மேடையின் நடுவில் நின்ற பார்சிப் பையன், பத்திரிகைக்காரன் கேட்ட நேரமெல்லாம் வம்சாவளி ஒப்புவிக்க வேண்டுமா?

அதோடு, பாட்டில் அவர் எதை மறைத்தார்? 1975இல் வந்த ‘பொஹீமியன் ரப்ஸொடி’யின் நடுவில் ‘பிஸ்மில்லா’ என்று ஒரு கூட்டுக் குரல் எழும்பும். 1978இல் வந்த ‘ஜாஸ்’ அல்பம் ‘முஸ்தபா’ என்ற பாட்டோடு தொடங்குகிறது. பள்ளிவாசல் பாங்கு போல் நீட்டி இழுக்கும் அந்தத் தொடக்கத்தை, பாங்கு கேட்டு வளர்ந்த ஒருவரின் குரலாகத்தான் நான் கேட்கிறேன். சான்சிபார் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தீவு. கேட்கத் தெரிந்தவனுக்கு அவர் ஊரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். 1991இல் அவருடைய இறுதிச் சடங்கைச் செய்தவர்கள் பார்சி மதகுருக்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொஹீமியன் ரப்ஸொடியைப் பற்றி இன்னும் கொஞ்சம். 5 நிமிடம் 55 வினாடி. இவ்வளவு நீளப் பாட்டை வானொலிக்காரர் போடமாட்டார்கள் என்று கம்பனி தயங்கியது. குழு ஒரு வினாடியும் வெட்ட மறுத்தது. கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் 14 தரம் போட்டார். பிறகு பிரித்தானியத் தரவரிசையில் ஒன்பது வாரம் முதலிடம். நடுப்பகுதியில் பெரிய பாடகர் கூட்டமே பாடுவது போலக் கேட்கிறது அல்லவா? மெர்க்குரி, மே, டெய்லர் மூன்றே பேர். ஒரு குரலுக்கு மேல் இன்னொரு குரலாகத் திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கியது. இன்றைக்குக் கணினியில் ஒரு பின்னேரத்தில் செய்யலாம். அன்றைக்கு ஒலிநாடாவில், வாரக்கணக்கில் செய்தார்கள். மேடைக் கூத்தைப் பார்த்து அவரை வெறும் ஆட்டக்காரர் என்று நினைப்பவர்கள் இந்த உழைப்பை யோசிக்க வேண்டும். முழுப் பாட்டும் அவர் தலைக்குள் முதலே இருந்தது, மற்றவர்கள் துண்டு துண்டாகத்தான் கேட்டார்கள்.

மேடைக்கு வருவோம். 1985 யூலை 13, லண்டன் வெம்பிளி, எதியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த லைவ் எயிட் இசை நிகழ்ச்சி. பூட்டானில் இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுவார்த்தையில் எங்கள் தரப்பு நாலு அடிப்படைக் கோட்பாடுகளை முன்வைத்ததும் அதே 13ஆம் திகதிதான். எங்கள் வீடுகளில் அன்றைக்கு வானொலி வேறு செய்திக்காகத் திறந்திருந்திருக்கும். அந்த 21 நிமிடக் காணொளியை இப்போது யாரும் பார்க்கலாம். வெள்ளை பெனியன், வெளிறிய ஜீன்ஸ். முதலில் பியானோவில் இருக்கிறார். பிறகு எழும்பி, அடிப்பகுதி இல்லாத அரை மைக் தடியைக் கையில் எடுக்கிறார். தொடக்க காலத்தில் ஒருநாள் மேடையில் தடி முறிந்துபோக, மிச்சத்தோடு பாடி, அப்படியே வைத்துக்கொண்டது அது. பாட்டு நின்றதும் ‘ஏ...யோ’ என்று ஒரு இழுவை. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம் அதைத் திருப்பிப் பாடுகிறது. சுரத்தை மாற்றுகிறார், அதையும் பாடுகிறது. கஷ்டமான வளைவு ஒன்று கொடுக்கிறார், சனம் தடுமாறிச் சிரிக்கிறது. எங்கள் கச்சேரிகளில் வித்துவான் ஒரு சுரக்கோவையை வீச வயலின் பிடித்துத் திருப்பித் தரும் அழகு, இங்கே ஒரு மைதானத்துக்கே நடந்தது.

அந்த வாயில் பின்பக்கம் நாலு பல் மேலதிகம். அதனால் முன்பற்கள் தள்ளிக்கொண்டு நின்றன. சிரிக்கும்போது கையாலும் உதட்டாலும் மூடுவார். காசு கொட்டிய காலத்திலும் பல்லைத் திருத்தவில்லை, குரல் மாறிவிடும் என்ற பயம். பேட்டிகளில் பார்த்தால் அந்தக் கூச்சம் அப்படியே தெரியும். மேடையில் அது எங்கேயோ போய்விடுகிறது. இவர்தான் குழுவின் தலைவர் என்று எல்லாரும் சொல்ல, தான் பாடகன் மட்டும்தான் என்று சொல்லிவந்தவர். நாலு பேருமே பெரும் வெற்றிப் பாட்டுகள் எழுதியவர்கள். 1989இலிருந்து யார் எழுதினாலும் பெயர் குயீன் என்றே போட்டார்கள். காசுச் சண்டையில் உடையும் இசைக்குழுக்களை இங்கேயே பார்த்திருக்கிறோம், அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

ஒன்றை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். 1984இல் தென்னாபிரிக்காவின் சன் சிற்றியில் குயீன் பாடியது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக உலகமே கலாசாரப் புறக்கணிப்பு செய்துகொண்டிருந்த நேரம். ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது, இசைக் கலைஞர் சங்கம் தண்டம் விதித்தது. நாங்கள் அரசியல் பேசவில்லை, இரசிகர்களுக்காகத்தான் பாடினோம் என்ற விளக்கத்தை ஒடுக்கப்பட்ட இனத்தில் பிறந்த நான் ஏற்க முடியாது. இனத்தின் பெயரால் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர் அந்த மேடையில் ஏறியிருக்கக் கூடாது. அவரைக் குறைசொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். இதை யாரும் சொல்வதில்லை.

சொல்வதெல்லாம் நோயைப் பற்றித்தான். 1987இல் எச்.ஐ.வி. உறுதியானது. ஆண்களையும் காதலித்தவர் என்பதால் பிரித்தானிய மஞ்சள் பத்திரிகைகள் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தன. அப்போது நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் இல்லை; அவை 1996 அளவில்தான் வந்தன. மரணம் நிச்சயம் என்று தெரிந்த ஒருவர் என்ன செய்தார்? வேலை செய்தார். 1991 பெப்ரவரியில் ‘இனுவெண்டோ’ அல்பம் வந்தது. அதன் கடைசிப் பாட்டின் உச்ச சுரங்களை இந்த உடம்போடு பாட முடியுமா என்று பிரையன் மே தயங்க, கொஞ்சம் வொட்கா குடித்துவிட்டுப் போய்ப் பாடிக் கொடுத்தார். பிறகு சுவிற்சர்லாந்தின் மொன்ற்றோ ஸ்ரூடியோவில், நிற்கத் தெம்பு இருந்த நாட்களில் வரி வரியாகப் பதிந்தார். கடைசியாகப் பாடிய பாட்டின் இறுதிச் சரணத்தை முடிக்க முடியவில்லை, அதை மே பாடி முடித்தார். நவம்பர் 23இல் தனக்கு எயிட்ஸ் என்று அறிக்கை விட்டார். மறுநாள் இரவு இறந்தார். வயது 45.

முதலே சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு விழிப்புணர்வு வந்திருக்கும் என்கிறார்கள். வந்திருக்கலாம். ஆனால் அது அவர் உடம்பு. இறந்த பிறகு பொஹீமியன் ரப்ஸொடி திரும்பவும் முதலிடம் வந்தபோது அந்தப் பணம் எயிட்ஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. 1992இல் அவர் நினைவாக வெம்பிளியில் பெரிய நிகழ்ச்சி வைத்து, நண்பர்கள் மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள்.

இலங்கையில் இன்றைக்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365ஏ பிரிவு ஓரினச் சேர்க்கையைக் குற்றம் என்கிறது. எச்.ஐ.வி.க்கு அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்து உண்டு, ஒழுங்காக எடுத்து வைரசைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. ஆனாலும் அந்தக் கிளினிக் வாசலில் தெரிந்த முகம் கண்டுவிடுமோ என்று பயந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள் நாங்கள். ‘ஆருக்கு வந்ததாம், எப்பிடி வந்ததாம்’ என்று கேட்டுக் கேட்டு உண்டாக்கியது. அவர் ஏன் மூடி வைத்தார் என்று கேட்பவர்கள், ஒரு வருத்தக்காரனின் வீட்டுக்கு முன்னால் எங்கள் சனம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1981 மொன்றியல் கச்சேரியில் தொடங்குங்கள். நல்ல ஹெட்போனில், சத்தத்தைக் கூட்டி. அதன்பிறகு லைவ் எயிட். இனுவெண்டோவைக் கடைசியாக வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் நோய்க் கதையை முதலே சொல்லிவிட வேண்டாம். முதலில் அந்தக் குரலைக் கேட்கட்டும்.